பலாந்தியின் முழங்கால்

ஜனவரி 8

இன்று அவன் வந்தான்.

புதுப் பயிற்சியாளர் வருகிறார் என்று கிளப் தலைவர் லிப்பாரி நேற்றே சொல்லியிருந்தார். பெயரைச் சொல்லவில்லை. காலையில் அவருடைய நெத்தலி ஆலையில் உப்புப் பெட்டிகளைச் சரக்கு வானில் ஏற்றிவிட்டு, கைகூடக் கழுவாமல் மைதானத்துக்கு ஓடினேன். உடைமாற்றும் அறையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். கதவருகே ஒரேஸ்தே பலாந்தி நின்றான்.

தலை நரைத்திருக்கிறது. வயிறு வைக்கவில்லை. இடது காலைக் கொஞ்சம் தாங்கித் தாங்கி நடக்கிறான். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டு வந்தவன் என்னிடம் வந்ததும் பெயர் கேட்டான்.

"றெமி."

"எந்த இடத்தில ஆடுறாய்?"

"முன்னுக்கு. கோல் அடிக்கிறது நான்தான்."

தலையை ஆட்டிவிட்டு அடுத்தவனிடம் போய்விட்டான். பதினாறு வருடத்துக்கு முந்திய முகம் அவனுக்கு எப்படி நினைவிருக்கும்? அப்போது எனக்கு மீசை முளைக்கவில்லை. சட்டை முதுகில் அப்பாவின் பெயரைப் பாதியாக வெட்டி 'செபா' என்று போட்டிருந்தார்கள்.

வழியில் இந்தக் கொப்பியை வாங்கினேன். பலர்மோவில் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் படித்த எழுத்து இதற்காவது உதவட்டும். தொர்ரெமாலா என்ற இந்த மீன்பிடி ஊரில் இதை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேசையில் திறந்தபடி போட்டுவிட்டுப் போகலாம். இவர்கள் இத்தாலிய மொழியில் பேசுவதை எங்கள் தமிழில் எழுதப்போகிறேன்.

ஜனவரி 9

முழுவதையும் எழுதி வைக்கிறேன். பின்னால் நானே இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடக்கூடாது.

எனக்குப் பதினேழு வயது. வடக்கே ஒரு பெரிய கிளப்பின் இளையோர் விடுதியில் இருந்தேன். அப்பா எங்கள் ஊர் குருநகரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போனவர். பலர்மோவுக்கு வந்த பிறகு மற்றவர்களின் வீடுகளைத் துப்புரவாக்கினார். நான் வடக்கே புறப்பட்டபோது பலாரோ சந்தையில் ஒரு சோடி உதைபந்துச் சப்பாத்து வாங்கித் தந்தார். யாரோ போட்டுக் கழித்தது. அப்பா அதை மினுக்கி, புது நாடா கோத்து, எங்கேயோ தேடிப் பிடித்த புதுப் பெட்டியில் வைத்துத் தந்தார். பழையது என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி வாங்கிக்கொண்டேன்.

ஒரு வாரம் பெரியவர்களோடு பயிற்சி செய்யக் கூப்பிட்டார்கள். பலாந்தி அப்போது நாடறிந்த ஆள். வலப்பக்கம், இடப்பக்கம், நடு, நடுவுக்குப் பின்னால் என்று முன்வரிசையில் எங்கே விட்டாலும் ஆடுவான். அப்படிப்பட்டவர்களை இங்கே பத்திரிகைகள் 'ஜோலி' என்று எழுதும். சீட்டுக்கட்டில் இருக்கும் ஜோக்கர். எந்தக் கைக்கும் பொருந்தும். அன்று பயிற்சி ஆட்டத்தில் பின்வரிசையில் வலப்பக்கம் ஆளில்லை. அவனை நிறுத்தினார்கள். நான் இடப்பக்கத்தால் அவனைத் தாண்டிப் போனேன். திரும்ப வந்து இன்னொரு தடவையும் தாண்டினேன். பெரியவர்கள் சிரித்தார்கள். அடுத்த தடவை, பந்து என் காலை விட்டுப் போன பிறகு, அவன் பின்னாலிருந்து வந்தான். என் வலது கால் முழங்காலுக்குக் கீழே முறிந்தது.

புல்லில் கிடந்தபடி அவன் சொன்னதைக் கேட்டேன்.

"பெடியன் வழுக்கிப்போட்டான். சப்பாத்தைப் பாருங்கோ, அடியில ஒண்டுமில்லை."

மழை பெய்த மைதானம். சப்பாத்தைத் திருப்பிப் பார்த்தார்கள். தரையைப் பிடிக்கும் அடிக்குமிழ்கள் தேய்ந்துதான் இருந்தன. கிளப் அப்பாவைத் தொலைபேசியில் கூப்பிட்டு அதையே சொன்னது. நான் உண்மையைச் சொன்னேன். அப்பா நம்பவில்லை. அவர் மனம் நோகக்கூடாது என்று நான் கதை கட்டுவதாக நினைத்தார். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறார். அதன்பிறகு என் ஆட்டம் ஒன்றுக்கும் அவர் வரவில்லை.

கால் குணமாகி நான் திரும்பியபோது பெரிய கிளப்புகள் என்னை மறந்துவிட்டன. அன்றிலிருந்து இப்படிப்பட்ட ஊர்கள்தான். அரைச் சம்பளம், மிச்ச நேரம் நெத்தலி.

காலுக்காக மட்டுமென்றால் ஒருவேளை அவனை விட்டிருப்பேன். சப்பாத்துக்காக விடமாட்டேன்.

ஜனவரி 10, வியாழன்

வியாழக்கிழமைகளில் நாங்கள் இரண்டாகப் பிரிந்து ஆடுவது வழக்கம். இன்று ஆள் குறைந்தது. அவன் சட்டையைக் கழற்றிப் பயிற்சி மேலாடையைப் போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினான்.

நாற்பத்தொன்பது வயது. பந்தைத் தொடும் விதம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் இடது முழங்கால் திரும்பாது. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் முழு உடம்பையும் திருப்புகிறான். அந்த நேரம் முழங்கால் நேராக, திறந்தபடி நிற்கிறது.

அதைத்தான் இன்று முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜனவரி 17, வியாழன்

இறங்கினான். மழை. நான் செய்யவில்லை. மழையில் செய்தால் வழுக்கியது என்று சொல்லிவிடலாம். காய்ந்த தரையில்தான் செய்ய வேண்டும்.

ஜனவரி 23

கிளப்பின் கால் வைத்தியர் இன்று என்னைக் கூப்பிட்டு வலது காலை நெடுநேரம் அமுக்கிப் பார்த்தார். எலும்பு கூடின இடத்தில் குளிரில் நோகுமா என்று கேட்டார். யார் சொல்லிப் பார்க்கிறீர்கள் என்றேன். மிஸ்தர் சொன்னார் என்றார். இத்தாலியில் பயிற்சியாளரை அப்படித்தான் கூப்பிடுவார்கள், மிஸ்தர் என்று. எல்லோரையும் பார்க்கச் சொல்லியிருப்பான். வேலைக்கு வந்த புதிதில் எல்லோரும் அப்படித்தான்.

அப்பாவுக்கு நீரிழிவு மாத்திரை வாங்கி அனுப்பினேன். இடியப்ப மா கேட்டார், இங்கே இல்லை.

பெப்ரவரி 5

என்னை முன்வரிசையிலிருந்து தூக்கிவிட்டான்.

"நாளையிலயிருந்து வலப்பக்கம் ஆடு."

"நான் கோல் அடிக்கிறவன், மிஸ்தர்."

"உன்ர ஓட்டம் குறைஞ்சு போச்சு. ஆனா பந்து எங்க வரப்போகுதெண்டு மற்றவைக்கு முதல் உனக்குத் தெரியுது. அதை வைச்சு இன்னும் நாலு வருசம் ஆடலாம். முன்னுக்கு நிண்டா இந்த வருசத்தோட சரி."

எல்லோர் முன்னாலும் சொன்னான். கோல்கீப்பர் தூரி என் முதுகில் தட்டினான். ஏழு வருடமாக ஒரே அறையில் உடுப்பு மாற்றுகிறோம். அவன் தட்டினது எனக்குப் பிடிக்கவில்லை.

இந்த மனிதன் என் காலை எடுத்தான். இப்போது இடத்தையும் எடுக்கிறான்.

பெப்ரவரி 10

வென்றோம். நான் வலப்பக்கத்திலிருந்து கொடுத்த பந்தில் ஒரு கோல். புத்தாண்டுக்குப் பிறகு முதல் வெற்றி.

பெப்ரவரி 14, வியாழன்

தரை காய்ந்திருந்தது. அவனும் இறங்கினான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை முக்கியமான ஆட்டம். தூரிக்கு இரண்டு பிள்ளைகள், நாங்கள் கீழ்ப் பிரிவுக்கு இறங்கினால் அவனுக்குச் சம்பளம் கிடையாது. இந்த வாரம் வேண்டாம்.

பெப்ரவரி 26

பயிற்சி முடிந்ததும் அவன் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். புதுச் சப்பாத்து. நல்ல ரகம். அளவு சரி. நான் அளவு சொன்னதில்லை.

"கடைக்காரன் ஒருத்தன் குடுத்தவன்," என்றான்.

"மற்றவைக்கு?"

"மற்றவைக்குப் பிறகு வரும்."

மற்றவர்களுக்கு வரவில்லை. பெட்டியைக் கட்டிலுக்குக் கீழே தள்ளிவிட்டேன். பழையதைத்தான் போடுகிறேன்.

மார்ச் 7, வியாழன்

மழை.

மார்ச் 12

வலப்பக்கத்திலிருந்து இப்போது பின்வரிசைக்கு அனுப்பிவிட்டான். வலது பின்வரிசை. கோல்கம்பம் இருக்கிற திசையே எனக்கு மறந்துவிடும். வானை ஓட்டும்போதெல்லாம் அவனை ஏசிக்கொண்டு போகிறேன். சந்திச் சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த மனிசி கண்ணாடியை ஏற்றினாள்.

மார்ச் 18

நேற்று எங்களுக்கு எதிராக ஒரு கோலும் விழவில்லை. பின்வரிசையில் இது என் முதல் ஆட்டம். பத்திரிகையில் என் பெயர் வந்திருக்கிறது. 'தொர்ரெமாலாவின் வலது கதவு பூட்டியிருக்கிறது' என்று எழுதியிருக்கிறார்கள். வெட்டி வைத்தேன். எதற்கு வெட்டினேன் என்று தெரியவில்லை. அப்பாவுக்கு அனுப்பலாம், அவர் வாசிக்க மாட்டார்.

மார்ச் 24

பேருந்தில் நெடுந்தூரம். வென்றுவிட்டுத் திரும்பினோம். தூரி பின்னாலிருந்து குரல் கொடுத்தான்.

"மிஸ்தர், நீங்கள் எத்தினை இடத்தில ஆடினனீங்கள்?"

"கோல்கீப்பரைத் தவிர எல்லா இடத்திலயும்."

"அதுதான் திறமை!"

அவன் சிரிக்கவில்லை. இருக்கையில் திரும்பி, கையைப் பின்புறம் போட்டுக்கொண்டு சொன்னான்.

"திறமை எண்டு பேப்பர்காரர் எழுதினவங்கள். அது பயம். எனக்கு இருபத்தொரு வயசு, நடுவில ஆடினன், நல்லாத்தான் ஆடினன். அடுத்த வருசம் வெளிநாட்டுக்காரன் ஒருத்தனை வாங்கினாங்கள். பயிற்சியாளர் வந்து, இடப்பக்கம் ஆடுவியோ எண்டு கேட்டார். ஓம் எண்டன். இடக்காலால எனக்குப் பந்தைத் தொடவே தெரியாது. கோடை முழுக்க வீட்டுச் சுவரில அடிச்சுப் பழகினன், அம்மா ஏசிக்கொண்டே இருந்தா. பிறகு இடப்பக்கத்துக்கும் ஒருத்தன் வந்தான். வலப்பக்கம் ஆடுவியோ எண்டாங்கள். ஓம். இப்பிடி ஓம் ஓம் எண்டு சொல்லித்தான் நாட்டுக்கும் ஆடினன், பதினொரு கிளப்பிலயும் ஆடினன். இல்லை எண்டு ஒருநாள் சொல்லியிருந்தா வீட்டை அனுப்பியிருப்பாங்கள். ஒவ்வொரு வருசமும் புதுசா ஆர் வாறான் எண்டு பார்த்துக்கொண்டே இருப்பன். வயசு போகப் போக, பெடியளையும் பார்க்கத் தொடங்கினன்."

இருக்கையிலிருந்து கையை எடுத்துக்கொண்டான்.

"ஒருக்கா வலது பின்வரிசையில விட்டாங்கள்..."

பேருந்து சுரங்கப் பாதைக்குள் நுழைந்தது. வெளியே வந்த பிறகும் அவர் பேசவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிறகு?" என்று கேட்டது நான்தான்.

"பிறகு ஒண்டுமில்லை. மழை பெய்தது," என்றான்.

மேலே ஓரிடத்தில் 'அவர்' என்று எழுதியிருக்கிறேன். கை தவறிவிட்டது. அவன்.

மார்ச் 28, வியாழன்

தரை காய்ந்திருந்தது. அவனுக்குத் தடிமனும் காய்ச்சலும், இறங்கவில்லை.

ஏப்ரல் 11, வியாழன்

இறங்கினான். என் பக்கமே ஆடினான். இரண்டு தடவை முழங்கால் என் முன்னால் திறந்தபடி நின்றது. பந்தை மட்டும் எடுத்தேன்.

பந்து தேவையாக இருந்தது, அதனால்தான்.

ஏப்ரல் 16

லிப்பாரி ஆலைக்கு வந்து எல்லோருக்கும் இனிப்பு கொடுத்தார். கடைசி ஆட்டத்தில் தோற்காமல் இருந்தால் போதும், நாங்கள் இந்தப் பிரிவிலேயே இருப்போம். பலாந்தியை இரண்டாம் பிரிவுக் கிளப் ஒன்று கேட்டிருக்கிறதாம். எங்களைக் காப்பாற்றிவிட்டு வந்தால் ஜூனில் வேலை. இதுவரை அவனை ஐந்து கிளப்புகள் இடையில் துரத்தியிருக்கின்றன, இது கடைசி வாய்ப்பு என்று லிப்பாரி சொன்னார்.

என் இனிப்பை மேசையிலேயே விட்டுவிட்டேன். நான் பூட்டின கதவால் அவன் ஏறிப் போகப்போகிறான்.

ஏப்ரல் 30

பலர்மோவில் இருக்கிறேன். அப்பாவுக்குக் கண்ணில் வெண்புரை எடுத்தார்கள். அம்மா இறந்த பிறகு அவருக்கு ஆஸ்பத்திரி என்றாலே பயம், அதனால் லீவு போட்டுவிட்டு வந்தேன்.

எடுத்து முடித்துக் கட்டுப் போட்டுக் கட்டிலில் விட்டிருந்தார்கள். மருந்து மயக்கம் முழுதாகத் தெளியவில்லை. என் கையைத் தடவிப் பிடித்தார்.

"தம்பியே?"

"ஓமப்பா. எல்லாம் முடிஞ்சுது. நாளைக்கு வீட்டை போகலாம்."

"கால் நோகுதோ?"

"உங்களுக்குக் கண்ணிலதான் செய்தவங்கள், அப்பா."

"உன்ர கால்." கொஞ்ச நேரம் மூச்சு விட்டார். "அந்தச் சந்தைக்காரன் புதுசும் வைச்சிருந்தவன். நான்தான் விலை கேட்டுப்போட்டுப் பழசை எடுத்தனான். அதைப் பெட்டியில வைச்சு உன்னை ஏமாத்தினனான். ஆண்டவர் பார்த்துக்கொண்டு நிண்டவர்."

"அது சப்பாத்தால இல்லையெண்டு எத்தினை தரம் சொன்னனான்!"

"நீ நல்ல பிள்ளை. அப்பிடித்தான் சொல்லுவாய்," என்றார்.

நித்திரையாகிவிட்டார். கட்டுக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது. தாதி வந்து கண்ணில் ஈரம் படக்கூடாது என்று என்னை ஏசினாள்.

மே 2, வியாழன்

செய்துவிட்டேன்.

காலையில் பலர்மோவிலிருந்து நேராக மைதானத்துக்குப் போனேன். இரண்டு வாரமாக மழை இல்லை. ஓடினால் தூசி பறந்தது. வேலிக்கு வெளியே லிப்பாரி உள்ளூர்ப் பத்திரிகைக்காரனோடு நின்று ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தார். பலாந்தி எதிர்ப்பக்கத்தில் இறங்கினான். நான் என் இடத்தில், வலது பின்வரிசையில்.

பந்து அவனிடம் வந்தது. எனக்கு முதுகு காட்டி நின்றான். இடப்பக்கம் திரும்புவதற்கு முழு உடம்பையும் திருப்பத் தொடங்கினான். பந்தை அவன் தட்டிவிட்டான். பந்து போவதைப் பார்த்தேன். போன பிறகுதான் நான் விழுந்து சறுக்கிக்கொண்டு போய் அடித்தேன்.

சத்தம் எனக்குத் தெரிந்த சத்தம்தான்.

எல்லோரும் ஓடி வந்தார்கள். அவன் முகம் சாம்பலாகிவிட்டது. முழங்காலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். லிப்பாரி வேலியால் தாண்டி வந்து, "என்ன நடந்தது? ஆர் செய்தது?" என்று கத்தினார்.

"ஒருத்தரும் செய்யேல்லை," என்றான் பலாந்தி. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான். "நான்தான் வழுக்கிப்போட்டன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். தூசி இன்னும் அடங்கவில்லை.

அப்போதுதான் விளங்கியது. இவனுக்குத் தெரியும். பெயர் கேட்ட அந்த முதல் நாளே தெரியும். வைத்தியர், சப்பாத்து, பேருந்தில் பாதியில் நிறுத்தின கதை, எல்லாம் தெரிந்துகொண்டுதான். இப்போது தன் முழங்காலைத் தந்துவிட்டு, அதே பொய்யைச் சொல்லி, கணக்கைத் தீர்க்கப் பார்க்கிறான். ஒரு மனிதருக்கும் ஒன்றும் தெரியாமல், சத்தமில்லாமல், நல்ல பெயரோடு.

தரையிலிருந்து எழுந்தேன்.

"வழுக்கேல்லை!" என்று கத்தினேன். "தரையைப் பாருங்கோ, எங்க ஈரம்? நான்தான் அடிச்சனான். வேணுமெண்டு அடிச்சனான். பதினாறு வருசத்துக்கு முதல் இவன் எனக்கு அடிச்ச மாதிரி. அண்டைக்கு நானும் வழுக்கேல்லை. சொல்லு! வாயைத் திறந்து சொல்லு!"

தூரி பின்னாலிருந்து என்னைக் கட்டிப் பிடித்தான். பத்திரிகைக்காரன் எழுதிக்கொண்டிருந்தான். பலாந்தி கண்ணை மூடிக்கொண்டான்.

மே 3

லிப்பாரி என்னை நீக்கிவிட்டார். ஆலை வேலையும் போய்விட்டது. வான் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். முழங்காலில் இரண்டு தசைநார் அறுந்திருக்கிறதாம், இன்று சத்திரசிகிச்சை.

பத்திரிகையில் முழுக்க வந்திருக்கிறது. பலாந்தியிடம் கேட்டதற்கு 'சொல்ல ஒன்றுமில்லை' என்றானாம்.

அறையைக் கூட்டினேன். உடுப்புத் தோய்த்தேன்.

மே 5

தோற்றுவிட்டோம். நான் பார்க்கவில்லை, சத்தத்தில் தெரிந்தது. மைதானம் என் ஜன்னலிலிருந்து அதிக தூரமில்லை. அவர்களுடைய கோல் என் பக்கத்தால் வந்தது என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். என் இடத்தில் நின்ற பெடியனுக்கு அந்த இடம் பழக்கமில்லை.

நாங்கள் கீழே இறங்குகிறோம். அவர்கள் இறங்குகிறார்கள் என்றுதான் எழுத வேண்டும்.

மே 6

தூரி வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசலிலேயே நின்றான்.

"அவன் உனக்குச் செய்தது உண்மையெண்டு நான் நம்புறன்," என்றான். "ஆனா ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பொறுத்திருக்கலாம். மூண்டு நாள். உன்ர காலுக்காக எங்கள் எல்லாருக்கும் அடிச்சுப்போட்டாய், றெமி."

அவன் படி இறங்கிப் போனான்.

எனக்கு வருத்தமில்லை. வருத்தமில்லை என்று எழுதி வைக்கிறேன்.

மே 19

பலர்மோவுக்கு வந்துவிட்டேன். அப்பாவின் அறையில் பாய் போட்டுப் படுக்கிறேன். ஏன் வேலை போனது என்று சொல்லவில்லை, கிளப் இறங்கிவிட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் இத்தாலியப் பத்திரிகை வாசிப்பதில்லை. இரண்டாவது கண்ணுக்கு இலையுதிர் காலத்தில் நாள் கொடுத்திருக்கிறார்கள். எடுத்த கண்ணால் என்னைப் பார்த்து, "நீ கறுத்துப்போனாய்," என்றார்.

இரண்டாம் பிரிவுக் கிளப் வேறு ஆளை எடுத்துவிட்டது. செய்தியை இரண்டு தடவை வாசித்தேன். நல்லது.

ஜூன் 9

கைபேசியில் தெரியாத இலக்கம். எடுத்தேன்.

"நான் பலாந்தி."

நான் வைக்கவில்லை.

"இனி எனக்கு ஒரு கிளப்பும் வேலை தராது," என்றான். "அதுக்காகக் கதைக்கேல்லை. நான் அண்டைக்கு வழுக்கினனெண்டு சொன்னது, உன்னைத் தப்ப வைக்கத்தான்."

"உன்னைத் தப்ப வைக்கத்தான் சொன்னாய்."

"ஓம்," என்றான். "அதுவும்தான். முதல் நாளே கேக்க நினைச்சன், மன்னிப்பு. பிறகு ஆட்டம் வெல்லத் தொடங்கினம். இதைக் கிளறினா எல்லாம் குழம்பிப் போகுமெண்டு விட்டிட்டன். உனக்கு இப்ப என்ன வேணும்? பேப்பரில சொல்லவோ?"

பேப்பர் எனக்கு எதற்கு? அப்பா வாசிக்க மாட்டாரே.

"என்ர அப்பாவிட்ட வந்து சொல்லு," என்றேன். "அவர்ர வீட்டுக்கு வந்து, அவர்ர முகத்தைப் பார்த்துச் சொல்லு. சப்பாத்தால இல்லையெண்டு சொல்லு."

"எந்தச் சப்பாத்து?" என்று கேட்டான்.

அவனுக்கு அது நினைவில்லை. இவ்வளவும் நினைவு வைத்திருந்தவனுக்கு அது மட்டும் நினைவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, முதலிலிருந்து சொன்னேன். அவன் குறுக்கிடவில்லை. கடைசியில் விலாசம் கேட்டான்.

ஜூன் 15

நாளை ஒருவர் உங்களைப் பார்க்க வருகிறார் என்று அப்பாவிடம் சொன்னேன். இத்தாலியரா என்று கேட்டார். ஓம், பெரிய ஆட்டக்காரராக இருந்தவர் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

உடனே சந்தைக்குப் போய் பிஸ்கற் வாங்கிவந்தார். நல்ல கோப்பைகளை எடுத்துக் கழுவினார். நாளைக்குப் போட வெள்ளைச் சட்டையை மினுக்கினார். அப்பாவை எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடம் இத்தாலியரின் வீடுகளில் வேலை செய்தவர். ஒரு பிள்ளை அவர் காலை மிதித்தாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். பலாந்தி சொல்லி முடிக்கமுதல், பரவாயில்லை ஐயா, இருங்கோ ஐயா என்று சொல்லிப் பிஸ்கற் தட்டை நீட்டிவிடுவார்.

அப்படி நீட்டினால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

ஜூன் 16

எங்கள் வீடு நாலாம் மாடி. மின்தூக்கி இல்லை. அவன் ஏறி வந்து சேர நெடுநேரம் ஆயிற்று. கதவைத் திறந்தபோது இரண்டு ஊன்றுகோலிலும் தொங்கிக்கொண்டு நின்றான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையாலும் காட்டி, "இருங்கோ ஐயா, இருங்கோ," என்றார். அவருக்குத் தெரிந்த இத்தாலிய மொழியில், மரியாதையாக.

"நிண்டுகொண்டு சொல்லுறன்," என்றான் பலாந்தி. "உங்கட மகன்ர காலை முறிச்சது நான். அவர் வழுக்கேல்லை. பந்து போன பிறகு, பின்னாலயிருந்து, தெரிஞ்சுகொண்டு அடிச்சனான். சப்பாத்தில பிழையில்லை. நான் பொய் சொன்னனான்."

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். ஒரு கண் தெளிவாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தன. என்னிடம் தமிழில் சொன்னார்:

"திருப்பிச் சொல்லச் சொல்லு."

சொன்னேன். பலாந்தி திருப்பிச் சொன்னான். இந்தத் தடவை மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக.

"சப்பாத்தைப் பற்றிச் சொன்னதை இன்னொருக்கா."

"சப்பாத்தில பிழையில்லை."

அப்பா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். விழப்போகிறார் என்று கிட்டப் போனேன். கையால் என்னைத் தள்ளினார். பலாந்தி ஒரு அடி முன்னால் வந்து, "எனக்கு அப்ப முப்பத்துமூண்டு வயசு. உங்கட மகன் என்னைத் தாண்டிப் போன நேரம் நான் பயந்துபோனன், இனி என்னை..." என்று தொடங்கினான்.

அப்பா கையை உயர்த்தினார். அவன் நிறுத்தினான்.

அப்பா போட்டிருந்த நாற்காலியைத் தானே தூக்கித் திரும்பவும் சுவரோரம் வைத்தார். வேட்டியைச் சரி செய்துகொண்டு, அவன் முன்னால் நேராக வந்து நின்றார். அவன் தோள் உயரம்கூட இல்லை.

"கேட்டிட்டன்," என்றார் இத்தாலிய மொழியில். "இனி நீ போ."

நீ என்றார். எனக்குத் தெரிந்த நாளிலிருந்து அப்பா ஒரு இத்தாலியனை நீ என்று சொன்னதில்லை. கடைக்காரப் பெடியன்களைக்கூட இல்லை.

பலாந்தி ஊன்றுகோலைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். நான் கதவைச் சாத்தப் போனேன்.

"சாத்தாதை," என்றார் அப்பா. "அவன் இறங்கி முடியுமட்டும் திறந்து கிடக்கட்டும்."

ஒரு படி. ஊன்றுகோல் தட்டும் சத்தம். பிறகு அடுத்த படி. இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், எனக்குத் தெரியும். மூன்றாம் மாடித் திருப்பத்தில் கால் தடுக்குகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது, கூடவே அவன் அடக்கிக்கொண்ட முனகல். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. நான் என்னை அறியாமல் வாசலுக்கு ஓர் அடி வைத்துவிட்டேன்.

"இரு," என்றார் அப்பா.

இருந்தேன். கீழே ஊன்றுகோல் திரும்பவும் தட்டத் தொடங்கியது. அப்பா வெள்ளைச் சட்டையோடு அந்த நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைச் சற்றுச் சரித்து, கோயிலில் பிரசங்கம் கேட்பது போல ஒவ்வொரு தட்டையும் கேட்டார். தெருக்கதவு அடிபட்டு மூடும் சத்தம் வந்த பிறகுதான் அசைந்தார். விருந்தாளிக்கு வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

"குடி, ஆறப்போகுது," என்றார்.